கடல் முகாம், புதுவயல்

மின்விசிறியைக் கூட்டச் சொல்லத்தான்
கையைத் தூக்கினேன்.
அதற்குள் தலைமையாசிரியை எழுதிவிட்டார்:
'கோடை முகாம் பொறுப்பு, கணக்கர் சேவுகமூர்த்தி.'
இறக்கிய கைக்கு அதன்பிறகு மதிப்பில்லை.

அரிசி ஆலைக் கணக்கு என் பிழைப்பு.
கடலை அருகில் பார்த்தது ஒரே முறை,
தொண்டியில் லாரி பழுதாகி நின்ற இரவில்.
அதுவும் சத்தம் மட்டும்தான்.
மாவட்டச் சுற்றறிக்கையில் இருந்தது:
இவ்வாண்டின் கருப்பொருள், கடல்.
ஐந்து நாள். ஒன்பது மணி முதல் மூன்று வரை.
குருளையர் பதினேழு, நீலப்பறவையர் ஒன்பது.
ஊருணிக்கு நடுவே
ஆடுகள் நடந்து போகிற மே மாதம்.

முதலாளி பழைய நெல் குடோனைத் திறந்துவிட்டார்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கப்பல்.
கிழித்துத் தைத்த சாக்கு, பாய்.
மூங்கிலில் ஏறி அது விரிந்தபோது
கொள்ளையர் கப்பலின் நெற்றியில்
'புழுங்கல். நிகர எடை 25 கிலோ.'

ராத்திரி வேட்டி முனையில்
ரீஃப் முடிச்சுப் படித்தேன்.
வலது இடதின் மேல், இடது வலதின் மேல்.
காலையில் அதையே
பிறவியிலேயே தெரிந்தவன் போலச் சொல்லிக்கொடுத்தேன்.
என் முடிச்சு நழுவியதை யோகித் மட்டும் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
இடக்கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் போனான்.

எல்லோருக்கும் கொள்ளையராக ஆசை.
இருபத்து நான்கு கொள்ளையர்,
தானே கேட்டு வாங்கிய சுறா ஒன்று, ஆஃப்ரின்.
கொள்ளை போவதற்குத்தான் ஆளில்லை.
அதனால் நான் வணிகனானேன்.
நாளுக்கு ஆறு முறை மூழ்கினேன்.

மிச்சம் உமையாள். இரண்டாம் வகுப்பு.
'நான் லைட் ஹவுஸ்' என்றாள்.
பெஞ்சில் ஏறி
டார்ச்சை நெஞ்சோடு பிடித்து
மெல்லச் சுற்ற ஆரம்பித்தாள்.
'இதென்ன விளையாட்டு, ஓடவே மாட்டேங்குது'
என்றது கடல்.
'நான் ஓடினா நீங்க முட்டிக்குவீங்க.'
கயிறு இழுக்கக் கூப்பிட்டேன்.
கடலை மிட்டாய்ப் புதையல் தேடக் கூப்பிட்டேன்.
'டூட்டில இருக்கேன் சார்.'
(புதையலை எறும்புகள்
எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தன.)

நான்காம் நாள், இரண்டே கால்.
மேற்கே வானம் செம்மண்ணாகக் கிளம்பியது.
தகரம் ஒன்று சாலையில் தனியே உருண்டது.
எல்லோரையும் குடோனுக்குள் விரட்டிக்
கதவைச் சாத்தித் தாழிட்டேன்.
கரண்ட் போனது.
செல்போன் வெளியே சைக்கிள் பையில்.
நெல்லுக்குக் கட்டிய கட்டடம்,
வெளிச்சத்துக்கு அங்கே வேலையில்லை.
எந்த மூலையில் எந்த அழுகை என்றே தெரியவில்லை.
என் குரலும் அவற்றில் ஒன்றாகக் கிடந்தது.

'பளிச்.'

ஓர் இடைவெளி.

'பளிச்.'

டார்ச்சில் பேட்டரி செவ்வாயன்றே செத்துவிட்டதாம்.
அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும்
வாயால்தான் எரிந்திருக்கிறாள்.
கணக்கர் கவனிக்கவில்லை.

முழங்கால்கள் அந்தச் சொல்லை நோக்கித் தவழ்ந்தன.
கொள்ளையர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து
பெஞ்சின் காலடியில் வந்து ஒதுங்கினார்கள்.
சுறா கடைசியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
மூட்டை எண்ணுகிற கையால்
தலைதலையாகத் தொட்டு எண்ணினேன்.
இருபத்தைந்து.
வயிறு ஒருமுறை கீழே போனது.
மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து.
'பளிச்' என்றது தலைக்கு மேலே.
விளக்கை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன்.

மழை ஏழு சொட்டுப் போட்டுவிட்டுப்
பள்ளத்தூருக்குப் போய்விட்டது.
கரண்ட் வந்ததும் எல்லோரும்
பழையபடி கொள்ளையரானார்கள்.
கைதட்டல், பாராட்டு, ஒன்றும் இல்லை.
பெஞ்சைக் கடக்கையில் மட்டும்
கப்பல்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போயின.

வெள்ளிக்கிழமை
இரண்டு பேட்டரி வாங்கிப் போனேன்.
போட்டுக்கொண்டாள். எரிந்தது.
சுற்றினாள். 'பளிச்.'
'அதான் லைட் எரியுதே உமையா' என்றேன்.
திரும்பி வரும் வரை பதில் இல்லை.
வந்ததும் சொன்னாள்:
'ரெண்டும் எரியட்டும் சார்.'